தேய்ந்த பலகைகளும் தேயாத பலகைகளும் - பழைய ஸ்கேட்போர்டுகளின் கதை

2019 ஜனவரியில் சதபீஸ் ஏல நிறுவனம் 248 ஸ்கேட்போர்டுப் பலகைகளை மொத்தமாக ஏலம் விட்டது. நியூயார்க்கில் 1994-ல் தொடங்கப்பட்ட சுப்ரீம் என்ற கடை இருபது ஆண்டுகளில் வெளியிட்ட பலகைகளின் முழுத் தொகுப்பு அது. விலை 8 லட்சம் டாலர். வாங்கியவருக்கு வயது 17!

ஸ்கேட்போர்டு என்றால் சக்கரம் பொருத்திய ஒரு மரப்பலகை. அதன்மேல் ஏறி நின்று காலால் உந்தி ஓட்டுவார்கள். விழுவார்கள். பலகை உடையும். அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு பொருளுக்கு ஓவியங்களுக்குக் கிடைக்கும் மரியாதை எப்படிக் கிடைத்தது? பழைய பலகை, பழைய சக்கரம், பழைய ஷூ என்று ஐம்பது வயதுக்காரர்கள் ஏன் இப்படித் தேடி அலைகிறார்கள்? இதற்குப் பதில் வேண்டுமென்றால் அறுபது எழுபது வருடங்கள் பின்னால் போகவேண்டும்.

களிமண் சக்கரக் காலம்

முதல் ஸ்கேட்போர்டைச் செய்தது யார் என்று ஒருவர் பெயரைக் காட்ட முடியாது. 1950-களில் அமெரிக்கச் சிறுவர்கள் ரோலர் ஸ்கேட்டைப் பிரித்து, அதன் சக்கரங்களை ஒரு கட்டையின் அடியில் ஆணியடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் இதில் ஏறியவர்கள் பெரும்பாலும் கடலலைச் சறுக்கு விளையாடுகிறவர்கள். அலை இல்லாத நாட்களில் தெருவே அலை. கடலில் இருப்பதுபோலவே இங்கும் வெறுங்கால்தான்.

1959 வாக்கில் கடைகளில் விற்பனைக்கு வந்த பலகைகளில் இரும்புச் சக்கரம் இருந்தது. அடுத்து வந்தது களிமண் கலவையில் செய்த சக்கரம். இரும்பைவிடக் கொஞ்சம் மென்மை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வழியில் சின்னக் கூழாங்கல் ஒன்று கிடந்தால் போதும், சக்கரம் அப்படியே நின்றுவிடும். மேலே நிற்பவர் நிற்கமாட்டார், முன்னால் பறந்துபோய் விழுவார்.

இருந்தும் மோகம் பரவியது. 1963-ல் லாரி ஸ்டீவன்சன் தன் மக்காஹா நிறுவனத்தின் சார்பில் ஹெர்மோசா பீச்சில் ஒரு போட்டி நடத்தினார். 1964-ல் ஜான் அண்ட் டீன் என்ற இருவர் ஸ்கேட்போர்டு பற்றியே ஒரு பாட்டு பாடி வெளியிட்டார்கள். 1965 மே மாதம் லைஃப் பத்திரிகையின் அட்டையில் பாட்டி மெக்கீ என்ற இளம்பெண், ஓடும் பலகையின்மேல் தலைகீழாகக் கையூன்றி நிற்கும் படம் வந்தது. ஆமாம், அமெரிக்கா முழுவதும் பார்த்த முதல் ஸ்கேட்போர்டு நாயகர்களில் ஒருவர் ஒரு பெண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே 1965 முடிவதற்குள் எல்லாம் கவிழ்ந்தது. கை கால் முறிந்து மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்து மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பல ஊர்கள் தெருவில் ஓட்டத் தடை போட்டன. கடைகள் ஆர்டரை ரத்து செய்தன. பலகைகள் கார் கொட்டகையின் மூலைக்குப் போயின.

ஒரு சக்கரம் செய்த வேலை

ஸ்கேட்போர்டுக்கு உயிர் திரும்பியது எதிர்பாராத இடத்திலிருந்து. 1970-ல் ஃப்ராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் வர்ஜீனியா மாநிலத்தில் பர்செல்வில் என்ற சிற்றூரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்கூடத்துக்குப் போனார். அங்கே யூரித்தேன் என்ற பொருளில் ரோலர் ஸ்கேட் சக்கரங்கள் செய்திருந்தார்கள். உள்ளரங்குகளில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக உருவாக்கிய சக்கரம் அது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தரையை அதிகம் பிடிக்கிறது, வேகம் போதாது என்பது அவர்கள் குறை.

நாஸ்வொர்த்தி அதைத் தன் பலகையில் மாட்டிப் பார்த்தார். அரங்கத்தில் குறையாக இருந்த அதே பிடிப்பு தெருவில் பெரிய நிறையாகிவிட்டது. கூழாங்கல்மேல் ஏறி இறங்குகிறது. வளைவில் வழுக்குவதில்லை. களிமண் சக்கரத்தின் கடகட சத்தமும் இல்லை. அவர் கலிஃபோர்னியாவில் என்சினிடாஸ் என்ற கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்து, 1973-ல் காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் இந்தச் சக்கரத்தை விற்கத் தொடங்கினார்.

1975-ல் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. அதுவரை சக்கரத்துக்குள் இருந்தவை உதிரிக் குண்டுகள். மரை கொஞ்சம் தளர்ந்தால் தெருவெல்லாம் சிதறி ஓடும். ரோட் ரைடர் என்ற சக்கரம் மூடிய பேரிங்கோடு வந்து அந்தக் கவலையைப் போக்கியது. அதே காலத்தில் ட்ரக் எனப்படும் அச்சுப் பகுதியையும் ஸ்கேட்போர்டுக்கென்றே தனியாக வடிவமைத்தார்கள். ரோலர் ஸ்கேட்டின் குறுகலான அச்சை வைத்துச் சமாளித்த காலம் முடிந்தது.

இன்றைக்கு இந்த காடிலாக், ரோட் ரைடர் சக்கரங்களை மஞ்சளேறிப்போன நிலையிலும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றை வாங்கியபோது யாரும் அழகுக்காக வாங்கவில்லை. பல் உடையாமல் வீடு திரும்ப வாங்கினார்கள்.

வறண்ட குளங்கள்

ஸாண்டா மோனிகா, வெனிஸ் கடற்கரைகளுக்கு நடுவே நலிந்துபோன ஒரு பகுதி இருந்தது. அதை டாக்டவுன் என்று அழைத்தார்கள். அங்கே ஸெஃபிர் என்ற அலைப்பலகைக் கடை நடத்திய ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்லம், க்ரெய்க் ஸ்டெசிக் மூவரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அணி அமைத்தார்கள். பலருக்கு வீட்டில் வசதியில்லை, அக்கறையாகப் பார்த்துக்கொள்ள ஆளுமில்லை. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா, பெக்கி ஓகி ஆகியோர் அந்த அணியைச் சேர்ந்தவர்கள். 1975-ல் டெல் மார் என்ற ஊரில் நடந்த போட்டிக்கு இவர்கள் நீல பனியனும் கிழிந்த ஜீன்ஸுமாகப் போனார்கள். மற்றவர்கள் பலகைமேல் நிமிர்ந்து நின்று அழகுகாட்ட, இவர்கள் கையால் தரையைத் தடவியபடி தாழக் குந்தி வளைந்தார்கள். பார்த்தவர்களுக்கு இது என்ன விளையாட்டு என்றே புரியவில்லை.

1976, 77 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. தண்ணீர்க் கட்டுப்பாட்டால் பல வீட்டு நீச்சல் குளங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த ஊர்க் குளங்களின் அடித்தளமும் சுவரும் கிண்ணம்போல வளைந்து ஒன்றுசேரும். அலைக்காக ஏங்கியவர்களுக்கு அசையாத சிமென்ட் அலை கிடைத்த மாதிரி! ஆளில்லாத வீடு எது என்று துப்புப் பார்ப்பார்கள். மிச்சமிருக்கும் அழுக்குத் தண்ணீரை வாளியாலும் பம்பாலும் இறைப்பார்கள். ஒருவர் வாசலில் காவல் நிற்பார். போலீஸ் வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். நாளைக்கு இந்தக் குளம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரர் திரும்பி வந்து தண்ணீர் நிரப்பினால் கதை முடிந்தது.

செங்குத்துச் சுவரில் ஏற மெலிந்த பலகை போதவில்லை. ஆறேழு அங்குல அகலம் இருந்த பலகை சில வருடங்களில் பத்து அங்குலத்தைத் தொட்டது. வெறுங்கால் காலமும் முடிந்தது. 1966-ல் அனஹைம் நகரில் தொடங்கிய வேன்ஸ் கடையின் ஷூவுக்குத் தடித்த, பள்ளம் பள்ளமான ரப்பர் அடி இருந்தது. பலகையை நன்றாகப் பிடித்தது. விலையும் அதிகமில்லை. முக்கியமான இன்னொன்று, வேன்ஸ் கடையில் ஒற்றை ஷூவும் விற்பார்கள். ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களுக்கு நிறுத்துவதும் உந்துவதும் ஒரே காலில் என்பதால் ஒன்று கிழிந்து மற்றது புதிதாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். 1976-ல் ஆல்வா, பெரால்டா இருவரின் யோசனைகளையும் கேட்டு, கணுக்காலருகே பஞ்சு வைத்த எரா என்ற ஷூவை வேன்ஸ் கொண்டுவந்தது.

இதற்கிடையே காசு கொடுத்து ஓட்டும் சிமென்ட் பூங்காக்களும் பெருகின. கார்ல்ஸ்பாடில் 1976, அப்லண்டில் 1977, டெல் மாரில் 1978. ஆனால் விபத்துக் காப்பீட்டுச் செலவு ஏற ஏற ஒவ்வொன்றாக மூடினார்கள். சில ஆண்டுகள் தாக்குப்பிடித்த டெல் மார் 1987-லும் அப்லண்ட் 1988-லும் மூடப்பட்டன. புல்டோசர் வந்தபோது அந்தச் சுவர்களை யாரும் பழம்பொருளாகப் பார்க்கவில்லை.

அழிவதற்கென்றே வரைந்த படங்கள்

இன்று ஓல்ட் ஸ்கூல் என்றதும் பலர் மனதில் வருவது 1980-களின் பலகைதான். பத்து அங்குல அகலம், மீனைப்போன்ற வடிவம், நீண்ட வால், குட்டை மூக்கு, மேலே உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான ஒட்டுத்தாள், அடியில் மண்டையோடு!

பவல் பெரால்டா நிறுவனத்துக்கு வெர்னான் கோர்ட்லாண்ட் ஜான்சன் வரைந்தார். காகிதத்தைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் எலும்புக்கூடு, பாம்பு சுற்றிய மண்டையோடு, ஸ்டீவ் கபலேரோவுக்கான டிராகன் எல்லாம் அவர் கைவண்ணம். ஸாண்டா க்ரூஸ் நிறுவனத்துக்கு வரைந்தவர் ஜிம் பிலிப்ஸ். உள்ளங்கையில் வாய் பிளந்து அலறும் அவருடைய நீலநிறக் கை 1985-ல் பிறந்தது.

இந்த ஓவியங்கள் அச்சிடப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். பலகையின் அடிப்பக்கம். சுவரின் விளிம்பிலும் கட்டைகளிலும் உரசிச் செல்லும் பக்கம். வாங்கிய சில வாரங்களில் மண்டையோட்டின் பாதி முகம் காணாமல் போயிருக்கும். இதைத் தடுக்கத்தான் ரெயில் என்ற இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளை நெடுக்குவாட்டில் மாட்டினார்கள். வால் தேயாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் கவசம், மூக்குக்கு ஒரு கவசம், அச்சுக்கு ஒரு மூடி என்று பட்டியல் நீளும். பலகைக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பர் பட்டை வேறு. ஒரு பலகையைப் பூட்டி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அந்தச் சாயங்காலத்தையும் சேர்த்துத்தான் இன்றைக்குத் தேடுகிறார்கள்.

ஓவியம் தேய்ந்தால் வருத்தமா? வருத்தம்தான், கூடவே பெருமையும். அடியில் கீறலே இல்லாத பலகை வைத்திருப்பவன் ஓட்டத் தெரியாதவன் என்று அர்த்தம்.

பூங்காக்கள் இல்லாத ஊர்களில் ஒட்டுப்பலகையால் வளைவு கட்டிக்கொண்டார்கள். இணையம் இல்லை. 1981-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் தொடங்கிய த்ராஷர் பத்திரிகை மாதாமாதம் வரும். 1984 முதல் பவல் பெரால்டாவின் வீடியோ கேசட்டுகள் வந்தன. ஒரே கேசட்டை நண்பர்கள் கூடித் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, கால் எங்கே இருக்கிறது என்று கவனித்துக் கற்றுக்கொண்டார்கள்.

1987-ல் வந்த 'தி சர்ச் ஃபார் அனிமல் சின்' என்ற கேசட்டின் கதை சுவையானது. அனிமல் சின் என்ற கற்பனைக் கிழவர் ஒருவர் காணாமல் போய்விட்டார். ஸ்கேட்போர்டின் உண்மையான மகிழ்ச்சி அவரிடம்தான் இருக்கிறதாம். டோனி ஹாக், கபலேரோ, மைக் மெக்கில், லான்ஸ் மவுண்டன், டாமி கெரெரோ ஐவரும் அவரைத் தேடிப் போகிறார்கள். இன்று எல்லோரும் பொற்காலம் என்று கொண்டாடும் அந்த 80-களின் நடுவிலேயே, அந்தக் காலம் போச்சே என்ற ஏக்கம் ஒரு படத்தின் கருவாக இருந்திருக்கிறது!

குப்பைக்குப் போன பொற்காலம்

ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் 1970-களின் இறுதியில் கையால் பிடிக்காமலே பலகையோடு காற்றில் எழும்பும் வித்தையைக் கண்டுபிடித்தார். அதற்கு ஓலி என்று பெயர். 80-களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரையில் செய்து காட்டினார். இனி குளமும் வேண்டாம், வளைவும் வேண்டாம். படிக்கட்டும் நடைபாதையும் போதும்.

இதற்குக் கனமான பலகை உதவாது. 1990-களின் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருடங்களுக்குள் எல்லாம் தலைகீழானது. பலகை ஏழரை அங்குலத்துக்குச் சுருங்கியது. இரண்டு முனையும் ஒரே மாதிரி ஆயின. 60 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த சக்கரம் 40 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. ரெயில், கவசம் எல்லாம் எடை என்று கழற்றி வீசினார்கள். ஸ்டீவ் ராக்கோ 1987-ல் தொடங்கிய வேர்ல்ட் இண்டஸ்ட்ரீஸ் பழைய பெரிய நிறுவனங்களை விளம்பரங்களில் நேரடியாகவே கேலி செய்தது. முந்தைய வருடத்துப் பலகையோடு வந்தால் சிரிக்கிற நிலைமை.

செங்குத்து வளைவுகளில் பேர்பெற்றவர்களின் பிழைப்பும் இதில் அடிபட்டது. 80-களில் உலகப் புகழில் இருந்த டோனி ஹாக்கின் வருமானமே சுருங்கிவிட்டது. 1992-ல் அவர் பேர்ட்ஹவுஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது அந்தச் சிரமமான காலத்தில்தான். மண்டையோட்டுப் பலகைகள் பழைய சாமான் விற்பனையில் அடிமாட்டு விலைக்குப் போயின. மிச்சம் குப்பைக்கு. இன்று தேடுபவர்களில் பலர், அன்று தம் கையாலேயே தூக்கியெறிந்தவர்கள்.

நினைவு வியாபாரமும் மறந்தவையும்

2001-ல் டாக்டவுன் அண்ட் ஸீ-பாய்ஸ் என்ற ஆவணப்படம் வந்தது. இயக்கியவர் அதே அணியின் ஸ்டேசி பெரால்டா. பணம் போட்டது வேன்ஸ். 2004-ல் ஷான் க்ளைவர் பழைய பலகை ஓவியங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் 'டிஸ்போசபிள்', அதாவது பயன்படுத்திவிட்டு எறிவது. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பழைய நிறுவனங்கள் அதே வடிவம், அதே ஓவியத்தோடு மறுபதிப்புப் பலகைகளை வெளியிட்டன. வாங்கியவர்களில் பலர் அவற்றில் சக்கரமே மாட்டவில்லை. சுவரில் மாட்டினார்கள்.

ஏக்கம் எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. 1965-ல் பத்திரிகை அட்டையில் இருந்த பாட்டி மெக்கீயும், 1975 டெல் மார் போட்டியில் பெண்கள் பிரிவில் வென்ற பெக்கி ஓகியும் நீண்ட காலம் பேச்சில் அடிபடவில்லை. த்ராஷர் அட்டையில் பெண்களைத் தேடினால் 1989-ல் காரா-பெத் பர்ன்சைட், 1994-ல் ஜேமி ரேயஸ் என்று விரல்விட்டு எண்ணலாம். ஸ்கேட்போர்டிங் ஹால் ஆஃப் ஃபேம் மெக்கீயை 2010-லும் ஓகியை 2012-லும் சேர்த்துக்கொண்டது. மெக்கீ 2024-ல் காலமானார். 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடும்போது அது யாருடைய காலம் என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். குளத்துச் சுவரில் பறந்த ஜே ஆடம்ஸ் போதையிலும் சிறையிலும் பல ஆண்டுகளைத் தொலைத்து, 2014-ல் 53 வயதில் இறந்துபோனார். சுவரில் மாட்டிய பலகையில் இது எதுவும் தெரியாது.

பழம்பொருள் சந்தையில் அதிக விலை போவது பெரும்பாலும் யாரும் ஏறாத பலகை. உறை பிரிக்காமல் ஏதோ ஒரு கடையின் பின்னறையில் கிடந்தது. ஒரு சிறுவன் விழுந்து எழுந்து, மண்டையோட்டின் முகம் அழியும்வரை ஓட்டிய பலகைதான் உண்மையில் அந்தக் காலத்தைப் பார்த்தது. அது இரண்டாக உடைந்து எப்போதோ போய்விட்டது. ஆக, இன்று மிஞ்சியிருப்பவற்றில் பல, அந்த விளையாட்டில் கலந்துகொள்ளாத பலகைகள்.

விதிவிலக்கும் உண்டு. 1999 ஜூனில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் டோனி ஹாக் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கினார். பலமுறை விழுந்து, நேரம் முடிந்த பிறகும் விடாமல் முயன்று சாதித்தது. அன்று அவர் காலடியில் இருந்த பலகை 2025-ல் ஏலத்துக்கு வந்தபோது 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. கீறல்களோடுதான். ஓட்டித் தேய்ந்த அந்த ஒற்றைப் பலகை, முதலில் பார்த்த 248 பலகைகளின் மொத்த விலையையும் தாண்டிவிட்டது.

இன்னொரு நிகழ்ச்சி. அனிமல் சின் படத்துக்காகக் கட்டிய பெரிய மரவளைவைப் படப்பிடிப்பு முடிந்ததும் இடித்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், கலிஃபோர்னியாவின் வுட்வர்ட் வெஸ்ட் முகாமில் அதே அளவில் இன்னொன்றைக் கட்டினார்கள். பழைய ஆட்கள் வந்தார்கள். ஹாக், கபலேரோ, மெக்கில், மவுண்டன் நால்வரும் ஒரே நேரத்தில் விளிம்பில் ஒற்றைக் கையூன்றித் தலைகீழாக நிற்கும் அந்தப் பழைய புகைப்படத்தை மறுபடி எடுக்கவேண்டும் என்பது திட்டம். எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள், அல்லது தாண்டியவர்கள். நின்றும் காட்டினார்கள்.

அதற்கு வளைவில் இறங்கி ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. பலகையின் அடியில் புதிய கீறல்களும் விழுந்திருக்கும்.